வெயிலுக்கும் மழைக்கும் ஒரு சட்டம்: சிங்கப்பூரின் ‘அஞ்சடி’ நடைபாதை பிறந்த கதை... யார் இந்த ராஃபிள்ஸ்?

சிங்கப்பூர் போனவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். லிட்டில் இந்தியாவிலோ சைனாடவுனிலோ பழைய கடை வரிசைக்கு முன்னால் நடந்தால் தலையில் வெயில் படாது. திடீரென்று மழை கொட்டினாலும் குடை தேவைப்படாது. ஒரு கடையின் முன் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த கடையின் தாழ்வாரம் தொடங்கிவிடும். தெருமுனை வரை அப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்.

இதற்கு ஆங்கிலத்தில் ஃபைவ் ஃபுட் வே என்று பெயர். மலாயில் காக்கி லிமா. காக்கி என்றால் அடி, லிமா என்றால் ஐந்து. நம்ம ஆட்கள் பேச்சு வழக்கில் சுருக்கமாக ‘அஞ்சடி’ என்பார்கள்.

இது ஏதோ அழகுக்காகக் கட்டப்பட்டது அல்ல. 200 வருடங்களுக்கு முன்பு ஊர் உருவாகும்போதே போடப்பட்ட ஒரு உத்தரவு. அதைப் போட்டவர் சர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். சிங்கப்பூரில் அவர் தங்கியிருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஒரு வருடம்கூட வராது என்பதுதான் ஆச்சரியம். யார் இவர்? வெப்ப மண்டல நகரத்துக்கு நிழல் வேண்டும் என்று இவருக்கு எப்படித் தோன்றியது? அந்த நிழலுக்காக ஊரே ஏன் சண்டை போட்டது? விரிவாகப் பார்க்கலாம்.

கப்பலில் பிறந்தவர், 14 வயதில் கிளார்க்

ராஃபிள்ஸ் பிறந்தது தரையில்கூட இல்லை. 1781 ஜூலை 6-ஆம் தேதி, ஜமைக்கா கடற்கரைக்கு அருகே நின்ற கப்பலில் பிறந்தார். அப்பா பெஞ்சமின் ராஃபிள்ஸ் அந்தக் கப்பலின் கேப்டன். ஆனால் வீட்டில் வசதி இல்லை. கடன் தொல்லை வேறு. பள்ளிப் படிப்பைத் தொடர முடியவில்லை.

1795-இல், 14 வயதில், லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி தலைமை அலுவலகத்தில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தார். கடிதங்களை நகல் எடுப்பதுதான் வேலை. பகலில் ஆபீஸ், இரவில் சொந்தமாகப் படிப்பு என்று பத்து வருடம் ஓடியது.

1805-இல்தான் வாழ்க்கை திரும்பியது. பினாங்கு தீவைக் கம்பெனி பெரிய நிர்வாக மையமாக உயர்த்தியது. அங்கே துணைச் செயலாளர் பதவி ராஃபிள்ஸுக்குக் கிடைத்தது. வருடத்துக்கு 70 பவுண்டு சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு ஒரே தாவலில் 1,500 பவுண்டு!

மெட்ராஸில் வாழ்ந்த மனைவி

கிளம்பும் முன் ஒலிவியா என்பவரை மணந்தார். ஒலிவியா அவரைவிட 10 வயது மூத்தவர், கணவரை இழந்தவர். அவருடைய முதல் கணவர் மெட்ராஸில் கம்பெனி மருத்துவராக இருந்தவர். அந்தத் திருமணம் நடந்ததும் மெட்ராஸில்தான். ஆக, வெப்ப நாட்டு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது ராஃபிள்ஸைவிட ஒலிவியாவுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பினாங்குக்குப் போகும் கப்பலிலேயே ராஃபிள்ஸ் மலாய் கற்கத் தொடங்கிவிட்டார். கம்பெனி அதிகாரிகள் பலர் மொழிபெயர்ப்பாளரை நம்பிக் காலம் தள்ளிய நேரம் அது. இவர் நேரடியாகப் பேசினார், ஓலைகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் சேகரித்தார். பதவியில் அவர் மேலே ஏறியதற்கு இந்த மொழி அறிவு ஒரு பெரிய காரணம்.

ஜாவா: புகழும் ரத்தமும்

ஐரோப்பாவில் நெப்போலியன் போர் நடந்துகொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் கையில் இருந்த ஜாவா, பிரெஞ்சுப் பிடிக்குள் போயிருந்தது. 1811-இல் பிரிட்டிஷ் படை ஜாவாவைப் பிடித்தது. 30 வயதிலேயே ராஃபிள்ஸ் அதன் லெப்டினன்ட் கவர்னர் ஆனார்.

நிலவரி முறையை மாற்றினார், போரோபுதூர் புத்த நினைவுச்சின்னத்தை ஆய்வு செய்ய ஆள் அனுப்பினார். இதெல்லாம் பாடப் புத்தகத்தில் வரும். ஆனால் 1812 ஜூனில் யோக்யகர்த்தா அரண்மனையை அவரது படை தாக்கிக் கொள்ளையடித்ததும் அதே வரலாறுதான். அரண்மனை நூலகத்தின் கையெழுத்துப் பிரதிகள்கூட அள்ளப்பட்டன.

நம் கதைக்கு முக்கியமானது பத்தாவியா. அதுதான் இன்றைய ஜகார்த்தா. டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பாணியிலேயே கால்வாய் வெட்டி, நெருக்கமாக வீடு கட்டி அதை உருவாக்கியிருந்தார்கள். வெப்ப மண்டலத்தில் அந்தப் பாணி எடுபடவில்லை. தேங்கிய தண்ணீர், காய்ச்சல், சாவு என்று பெயர் கெட்டுப்போன ஊர் அது. இடம் மாறினால் ஊரின் வடிவமும் மாற வேண்டும் என்பதற்கு பத்தாவியா ஒரு கண்முன் பாடம்.

1814 நவம்பரில் ஒலிவியா இறந்தார். 1816-இல் ராஃபிள்ஸ் பதவியில் இருந்து நீக்கப்பட்டு இங்கிலாந்து திரும்பினார். அங்கே ஜாவாவின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதி 1817-இல் வெளியிட்டார். அதே வருடம் சர் பட்டம் கிடைத்தது. சோஃபியாவை இரண்டாவதாக மணந்தார். 1818-இல் சுமத்ராவின் பென்கூலனுக்கு லெப்டினன்ட் கவர்னராகப் போனார். உலகின் மிகப்பெரிய பூவுக்கு ரஃப்லேசியா என்ற பெயர் வந்தது அந்த வருடப் பயணம் ஒன்றால்தான்.

சிங்கப்பூரில் மொத்தம் எத்தனை நாள்?

1819 ஜனவரி கடைசியில் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இறங்கினார். பிப்ரவரி 6-ஆம் தேதி சுல்தான் ஹுசைனுடனும் தெமங்கோங் அப்துல் ரஹ்மானுடனும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த நாளே கிளம்பிவிட்டார். ஊரை நடத்தும் பொறுப்பு வில்லியம் ஃபார்குஹார் என்பவரிடம் போனது.

அதே வருடம் மே கடைசியில் இரண்டாவது முறை வந்தார். அப்போது கூடவே பினாங்கில் இருந்து ஒரு தமிழரும் வந்தார். அவர் நாராயண பிள்ளை. புதிய ஊரில் செங்கல் சூளை போட்டு, கட்டட வேலையை எடுத்துச் செய்தவர். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் அவர் முயற்சியில் உருவானது. இரண்டாவது பயணத்திலும் ராஃபிள்ஸ் தங்கியது சுமார் நான்கு வாரம்தான்.

மூன்றாவது, கடைசிப் பயணம் 1822 அக்டோபர் முதல் 1823 ஜூன் வரை. இந்த எட்டு மாதங்களில்தான் இன்றைய சிங்கப்பூரின் அடிப்படை வரைபடம் போடப்பட்டது.

ஆனால் அந்தப் பயணத்துக்கு ராஃபிள்ஸ் எந்த நிலைமையில் வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 1821 ஜூலையில் மூத்த மகன் லியோபோல்ட் பென்கூலனில் இறந்தான். 1822 ஜனவரியில் இன்னொரு மகனும் மகள் சார்லட்டும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆறு மாதத்தில் மூன்று குழந்தைகள். மிச்சம் இருந்த ஒரே மகள் எல்லாவையாவது காப்பாற்றலாம் என்று அவளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். கடுமையான தலைவலி ராஃபிள்ஸை விடாமல் துரத்திக்கொண்டிருந்தது. வெப்ப நாட்டின் விலையைத் தன் வீட்டிலேயே கொடுத்து முடித்த மனிதர்தான் ஊருக்குத் திட்டம் போட உட்கார்ந்தார்.

வந்து பார்த்தால் ஊர் தாறுமாறாக இருந்தது

சிங்கப்பூர் நினைத்ததைவிட வேகமாக வளர்ந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன்பு ஆயிரம் பேர் அளவுக்கே இருந்த இடம் அது. 1824-இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் 10,683 பேர் இருந்தார்கள். அரசுக் கட்டடங்களுக்கு ஒதுக்கிய நிலத்தில் வியாபாரிகள் கொட்டகை போட்டிருந்தார்கள். வீடுகள் பெரும்பாலும் மரமும் ஓலையும். ஒரு தீப்பொறி போதும், வரிசையாக எரிந்துவிடும்.

ஃபார்குஹார் மேல் ராஃபிள்ஸுக்குப் பயங்கரக் கோபம். இருவருக்கும் இடையே வெடித்த சண்டை கடைசியில் ஃபார்குஹாரின் பதவியையே பறித்தது. ஆனால் ஃபார்குஹார் தரப்பு நியாயமும் இருக்கிறது. கையில் பணமும் ஆளும் இல்லாமல், மூன்று வருடம் ஊரை உயிரோடு வைத்திருந்தவர் அவர்தான்.

ராஃபிள்ஸ் முதலில் வணிகப் பகுதியை ஆற்றின் தென்கரைக்கு மாற்றினார். அது சதுப்பு நிலம். ஒரு சின்னக் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு சதுப்பை நிரப்பினார்கள். குன்று இருந்த இடம்தான் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். நாகூர்த் தமிழ் வம்சாவளித் தொடர்புள்ள முன்ஷி அப்துல்லா இந்த வேலையை நேரில் பார்த்து மலாயில் எழுதி வைத்திருக்கிறார்.

1822 நவம்பர் 4: உத்தரவில் என்ன இருந்தது?

நகரத்தை ஒழுங்குபடுத்த ராஃபிள்ஸ் ஒரு கமிட்டி போட்டார். கேப்டன் டேவிஸ், ஜார்ஜ் போன்ஹாம், வியாபாரி ஏ.எல். ஜான்ஸ்டன் ஆகிய மூன்று பேர். அவர்களுக்கு 1822 நவம்பர் 4-ஆம் தேதி விரிவான அறிவுறுத்தல்கள் கொடுத்தார். அதன்படி லெப்டினன்ட் பிலிப் ஜாக்சன் வரைந்ததுதான் ஜாக்சன் பிளான்.

தெருக்கள் நேராக இருக்க வேண்டும். கடைகள் செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையும் கொண்டவையாக இருக்க வேண்டும். கூடவே இன்னொரு விதி. ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு தாழ்வாரம் விட வேண்டும். தெருவின் இரண்டு பக்கமும் அது தொடர்ச்சியாக, கூரையோடு, எப்போதும் பொதுமக்கள் நடந்துபோகத் திறந்தே இருக்க வேண்டும்.

சுவாரஸ்யம் என்னவென்றால், அந்த உத்தரவில் ஐந்து அடி என்ற கணக்கே இல்லை. ஐந்தடி, அதாவது சுமார் 1.5 மீட்டர் என்ற அளவும் பெயரும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. பல இடங்களில் இது ஐந்தடியைவிட அகலமாகவே இருக்கும்.

அந்தப் பிளானில் இன்னொரு பக்கமும் உண்டு. சீனர்களுக்கு ஒரு பகுதி, மலாய்க்காரர்களுக்கு ஒரு பகுதி, ஐரோப்பியர்களுக்கு ஒரு பகுதி என்று மக்களை இனவாரியாகப் பிரித்தார்கள். சோழமண்டலக் கரையில் இருந்து வந்தவர்களுக்கு ஆற்றின் மேல்பகுதியில் சூலியா கம்போங் ஒதுக்கப்பட்டது. எங்கே வசிப்பது என்பதை அந்த மக்களே முடிவு செய்யவில்லை. எல்லோரும் சேர்ந்து நடக்க நிழல் கொடுத்த அதே தாள்தான், எல்லோரும் தனித்தனியாக வாழக் கோடும் போட்டது.

இது ராஃபிள்ஸின் கண்டுபிடிப்பா?

இல்லை. கூரை போட்ட நடைபாதை உலகுக்குப் புதிது அல்ல. இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் பல நூற்றாண்டுகளாகத் தூண் வரிசைத் தாழ்வாரங்கள் இருக்கின்றன. மலாய் வீடுகளில் முன் தாழ்வாரம் உண்டு. தென்சீனக் கடைகளிலும் வாசல் கூரை உண்டு. நம் ஊர்த் திண்ணையும் வழிப்போக்கனுக்கு நிழல் கொடுத்ததுதான். ராஃபிள்ஸ் இதை எங்கிருந்து எடுத்தார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆனால் திண்ணைக்கும் அஞ்சடிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. திண்ணை வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்தது. பக்கத்து வீட்டில் இல்லாமலும் போகலாம். அஞ்சடி அப்படி இல்லை. ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயம். ஒன்றோடு ஒன்று இணைந்திருப்பதும் கட்டாயம். புதுசு என்றால் இந்தக் கட்டாயம்தான்.

நிழல் எப்படி வேலை செய்கிறது?

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்கப் பகல் வெப்பம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை. வருட மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேல். சூரியன் பாதி வருடம் வடக்குப் பக்கம் சாயும், மீதி வருடம் தெற்குப் பக்கம் சாயும். எனவே தெருவின் ஒரு பக்கம் மட்டும் நிழல் போட்டால் போதாது. இரண்டு பக்கமும் தாழ்வாரம் கேட்டதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

இன்னொன்று. நிழலில் நின்றாலும் வெயிலில் நின்றாலும் காற்றின் வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஏன் நிழல் இதமாக இருக்கிறது? நம் உடலைச் சுடுவது காற்று மட்டும் அல்ல. நேரடி சூரியக் கதிரும், சூடான தரையும் சுவரும் கூரையும் வீசும் அனலும் சேர்ந்துதான் சுடுகின்றன. நிழல் முதலில் நேரடிக் கதிரைத் தடுக்கிறது. அதே நிழல் தரையையும் சூடேற விடாமல் பார்த்துக்கொள்கிறது.

தகர ஷீட் கூரைக்குக் கீழே நின்று பாருங்கள். வெயில் படாது, ஆனால் தலைக்கு மேல் அனல் அடிக்கும். ஷீட்டே சூடாகி, வெப்பத்தைக் கீழே வீசுவதுதான் காரணம். அஞ்சடியில் அந்தப் பிரச்சினை குறைவு. பெரும்பாலான கடைவீடுகளில் அஞ்சடிக்கு மேலே கடையின் மாடி அறை நீண்டு நிற்கும். அதாவது ஒரு முழு அறையே கூரையாக இருக்கிறது. வெயில் ஓட்டில் விழுந்து, அறையைக் கடந்து, தளத்தைக் கடந்து கீழே வருவதற்குள் சூடு தணிந்துவிடும்.

தெருப் பக்கம் தூண்கள் மட்டும்தான், சுவர் இல்லை. எனவே காற்று தாராளமாக வரும். கடைக்காரருக்கும் லாபம். முகப்புச் சுவரில் வெயில் அடிக்காது, உள்ளே சரக்கு நிறம் மங்காது. மழைக்கு ஒதுங்குபவர் கடையைப் பார்க்காமல் போவாரா என்ன?

குறைகளும் உண்டு. காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக உள்ளே வந்துவிடும். அதற்காகத் தூண்களுக்கு இடையே மூங்கில் தட்டி கட்டித் தொங்கவிட்டார்கள். கூரை ரொம்ப உயரமாக இருந்தால் காற்றோடு அடிக்கும் சாரலைத் தடுக்க முடியாது. ஆக, நிழல் அமைப்பு எதுவானாலும் எத்தனை அடி அகலம் என்பதோடு எத்தனை அடி உயரம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

யார் காசு? யார் இடம்?

இங்கேதான் உத்தரவின் சூட்சுமம் இருக்கிறது. தெருவுக்கு நிழல் போட அரசு காசு செலவழிக்கவில்லை. கடை கட்டுபவர் தன் கட்டடத்தோடு சேர்த்து, தன் செலவில் அந்த ஐந்தடியையும் கட்ட வேண்டும். தொடர் ஓட்டத்தில் குச்சியைக் கை மாற்றுவது மாதிரி, ஒவ்வொருவரும் தன் பங்கை முடித்துப் பக்கத்துக் கடையிடம் ஒப்படைக்கிறார்கள். முடிவில் முழுத் தெருவுக்கும் நிழல் கிடைத்துவிடுகிறது.

ஆனால் கட்டியவர் வேறு, நடப்பவர் வேறு. இடம் தனியாருடையது, வழி பொதுவானது. இந்த இரண்டும் ஒரே ஐந்தடிக்குள் இருந்தால் என்ன ஆகும்? பிரச்சினை வராமலா இருக்கும்?

தரை மட்டத்திலேயே அது தெரியும். ஒவ்வொரு கடைக்காரரும் தன் வசதிக்குத் தரை போட்டார். ஒரு கடை அரை அடி உயரம், அடுத்தது ஒரு அடி தாழ்வு. பழைய தெருக்களில் இன்றும் பத்து அடிக்கு ஒரு படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். கூரை தொடர்கிறது, தரை தொடர்வதில்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த நிழலால் பெரிய பயன் இல்லை.

அஞ்சடியில் வாழ்ந்தவர்கள்

நிழல் இருந்தால் மனிதர்கள் வருவார்கள். மனிதர்கள் வந்தால் வியாபாரம் வரும். முடி திருத்துபவர், செருப்பு தைப்பவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், காசு மாற்றுபவர், சாப்பாடு விற்பவர் எல்லோரும் அஞ்சடியில் இடம் பிடித்தார்கள். சிராங்கூன் சாலை அஞ்சடியில் கிளி ஜோசியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூமாலை கட்டுபவர்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

இரவில் அதே இடம் படுக்கை ஆனது. ஒரு கடைவீட்டு மாடியில் டஜன் கணக்கில் கூலித் தொழிலாளர்கள் நெருக்கி வசித்த காலம் அது. உள்ளே புழுக்கம் தாங்காதவர்கள் பாயை எடுத்துக்கொண்டு அஞ்சடிக்கு வந்துவிடுவார்கள். சொந்தமாக ஒரு அறைகூட இல்லாதவர்களுக்கு அந்த ஐந்தடிதான் வீட்டு முற்றம்.

இன்றும் இந்தோனேசியாவில் தெருவோர வியாபாரிகளைக் காக்கி லிமா வியாபாரிகள் என்றுதான் சொல்கிறார்கள்.

1888: நிழலுக்காக ஒரு கலவரம்

கடைக்காரர்கள் அஞ்சடியில் சரக்கை அடுக்கினார்கள். சிலர் அந்த இடத்தைச் சிறு வியாபாரிகளுக்கு வாடகைக்கே விட்டார்கள். நடக்க வேண்டியவர்கள் ரோட்டில் இறங்கி, வெயிலிலும் மாட்டு வண்டிகளுக்கு நடுவிலும் நடந்தார்கள். உத்தரவின் நோக்கமே தலைகீழானது.

1888 பிப்ரவரியில் நகராட்சி அஞ்சடிகளைக் காலி செய்ய இறங்கியது. ஊர் கொந்தளித்தது. கடைகள் மூடப்பட்டன, டிராம் வண்டிகள் மீது கல் வீச்சு நடந்தது. வரலாற்றில் இதற்குப் பெயரே வராண்டா கலவரம்.

கடைசியில் சமரசம்தான் வழியானது. வியாபாரத்துக்குக் கொஞ்சம் இடம், ஆனால் ஆட்கள் நடக்க வழி விட வேண்டும். நிழலைக் கட்ட வைப்பது ஒரு வேலை, அதைத் திறந்தே வைத்திருப்பது இன்னொரு வேலை என்று அன்று புரிந்தது. இரண்டாவதுதான் கஷ்டமானது.

ராஃபிள்ஸின் கடைசி மூன்று வருடங்கள்

இது எதையும் ராஃபிள்ஸ் பார்க்கவில்லை. 1823 ஜூனில் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியவர் திரும்ப வரவே இல்லை. அவர் கிளம்பியபோது பிளானின் பெரும்பகுதி காகிதத்தில்தான் இருந்தது. தன் உத்தரவால் நிழல் விழுந்த ஒரு முழுத் தெருவில் அவர் நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பென்கூலன் திரும்பிய பிறகு பிறந்த மகள் ஃப்ளோராவும் அதே வருடம் இறந்தாள். 1824 பிப்ரவரி 2-ஆம் தேதி ஃபேம் என்ற கப்பலில் இங்கிலாந்து கிளம்பினார்கள். அன்று இரவே கப்பல் தீப்பிடித்தது. உயிர் தப்பியது, ஆனால் பல வருட உழைப்பில் சேர்த்த ஓவியங்கள், கையெழுத்துப் பிரதிகள், வரைபடங்கள், விலங்குகள் எல்லாம் போயின.

லண்டனில் 1826-இல் விலங்கியல் சங்கத்தைத் தொடங்கி, அதன் முதல் தலைவர் ஆனார். அதே வருடம் கம்பெனி ஒரு கணக்கை நீட்டியது. 22,000 பவுண்டுக்கு மேல் கம்பெனிக்குத் திருப்பித் தர வேண்டுமாம். அது வந்து சில மாதங்களிலேயே, 1826 ஜூலை 5-ஆம் தேதி, 45-வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் இறந்துபோனார். ஹெண்டன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டாலும் நினைவுப் பலகை வைக்கப் பாதிரியார் சம்மதிக்கவில்லை. கல்லறை எங்கே என்பதே மறந்துபோய், 1914-இல்தான் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது.

அஞ்சடி எங்கெல்லாம் போனது?

ஆள் போனாலும் விதி நின்றது. பினாங்கு, மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ என்று மலாயா முழுக்கக் கடைவீடும் அஞ்சடியும் பரவின. ஹாங்காங், தைவான், தென்சீன நகரங்களிலும் இதே மாதிரி தூண் வரிசைத் தெருக்கள் இருக்கின்றன. பினாங்கின் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அங்குள்ள கடைவீட்டு வரிசைகள் அந்தப் பெருமையில் பெரிய பங்கு வகிக்கின்றன.

சிங்கப்பூர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. முக்கியத் தெருக்களில் புதிதாகக் கட்டும் வணிகக் கட்டடங்கள் இன்றும் கூரையுள்ள நடைபாதை விட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்து பஸ் நிறுத்தம் வரை கூரைப் பாதைகள் போடப்பட்டன. 2013-இல் அறிவிக்கப்பட்ட ஒரு திட்டத்தில், 2018-க்குள் கூடுதலாக 200 கிலோமீட்டர் கூரை நடைபாதை சேர்ந்தது. எம்ஆர்டி ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் உள்ள பள்ளிகள், பொது இடங்களை இணைப்பதுதான் கணக்கு. வெயிலுக்குப் பயந்து மக்கள் பஸ்ஸையும் ரயிலையும் விட்டு காருக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் இதன் பின்னால் உள்ள யோசனை.

ஆனால் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பழைய அஞ்சடியைக் கடைக்காரர் கட்டினார். இந்த 200 கிலோமீட்டரை அரசு கட்டியது. பொறுப்பு கை மாறியிருக்கிறது, தேவை மாறவில்லை.

மொத்தத்தில்...

ராஃபிள்ஸ் ஒரு காலனி ஆட்சியாளர். அவரது படை அரண்மனையைச் சூறையாடியது, அவரது பிளான் மக்களை இனவாரியாகப் பிரித்தது. சிங்கப்பூரில் அவரைப் பற்றிய விவாதம் முடியவில்லை. 2019-இல் 200-வது ஆண்டு நினைவையொட்டி ஆற்றங்கரையில் அவர் சிலைக்குப் பக்கத்தில் வேறு நான்கு பேரின் சிலைகளும் வைக்கப்பட்டன. அவர்களில் நாராயண பிள்ளையும் ஒருவர், முன்ஷி அப்துல்லாவும் ஒருவர். ஊரைத் தனி ஒருவர் கட்டவில்லை என்று அந்தச் சிலைகள் சொல்லின.

அஞ்சடிக்கும் அது பொருந்தும். விதி எழுதியது ராஃபிள்ஸ். கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது ஊர் பேர் தெரியாத கொத்தனார்கள். அதில் உட்கார்ந்து, தூங்கி, விற்று, சண்டை போட்டு அதைத் தெருவாக்கியது சாதாரண மக்கள்.

வெயில் ஏறிக்கொண்டே போகும் இந்தக் காலத்தில் பல நகரங்கள் நிழலைத் தேடுகின்றன. எங்காவது ஒரு பந்தல், எங்காவது ஒரு பஸ் நிறுத்தக் கூரை என்று தனித்தனியாகப் போட்டால் அடுத்த நிழல் வரும் வரை வெயிலில்தான் நடக்க வேண்டும். அஞ்சடி சொல்லும் பாடம் மூன்று. நிழல் ஒன்றோடு ஒன்று தொடர வேண்டும். அதை யார் கட்டுவது என்று விதி சொல்ல வேண்டும். கட்டிய பிறகு அது நடப்பவருக்குத் திறந்திருக்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.